போகும்போது விமானம், திரும்பும்போது கப்பல்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

"என் மாமியாரின் அக்கா 1970களில் யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய பேத்திக்கு ஆவணியில் அங்கே திருமணம். மணமகளுக்கு என் கணவர் தாய்மாமன் முறை. நானும் கணவரும், 71 வயது மாமியாரும், 13 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகளும் போகிறோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள், அதுதான் மலிவு என்கிறார் கணவர். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம் இருக்கிறது, அதுவும் மலிவு விமானம்தானே என்கிறேன் நான். மாமியாருக்குக் கப்பல்தான் வேண்டுமாம். அந்தக் காலத்தில் அக்காவைக் கொண்டுபோய் விட 'ராமானுஜம்' கப்பலில் போனவர் அவர். மூட்டுவலியும் இரத்த அழுத்தமும் உண்டு. நகை, பட்டு, சீர்வரிசை, வெற்றிலை எல்லாம் கொண்டுபோக வேண்டும். திரும்பும்போது பெரியம்மாவையும் எங்களுடன் அழைத்துவர நினைக்கிறோம். அவருக்கு இலங்கை பாஸ்போர்ட். ராமேஸ்வரத்திலிருந்தும் கப்பல் வரப்போகிறது என்கிறார்களே, அதற்குக் காத்திருக்கலாமா? எது நல்லது என்று சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீட்டு வழக்கில் மூன்று பேருக்கும் பாதிப்பாதி நியாயம் இருக்கிறது. என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகும்போது திருச்சியிலிருந்து விமானத்தில் போங்கள், திருமணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே. திரும்பும்போது காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் வாருங்கள். இரண்டுக்கும் தனித்தனியாக ஒருவழி டிக்கெட் எடுப்பதில் தடை ஏதும் இல்லை.

டிக்கெட் விலையை முதலில் பார்ப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். பயண ஏற்பாட்டுக்கு என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: குறித்த நாளில் வண்டி புறப்படாமல் போனால் உங்களுக்கு என்ன நட்டம்? உங்கள் விஷயத்தில் போகிற பயணம் முகூர்த்தத்தோடு கட்டுண்டது. தாய்மாமன் இல்லாமல் அங்கே சடங்கு நடக்காது. திரும்புகிற பயணம் ஒரு நாள் தள்ளிப்போனால் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி போகும், உங்கள் கணவர் அலுவலகத்தில் இன்னொரு நாள் விடுப்பு சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஆகவே தவறினால் நட்டம் அதிகமான பயணத்துக்கு விமானமும், தவறினாலும் சமாளிக்கக்கூடிய பயணத்துக்குக் கப்பலும் என்று பிரித்தேன்.

கப்பலை நான் குறைத்துச் சொல்வதாக உங்கள் கணவர் நினைக்கக்கூடாது. இந்த வழித்தடத்தின் சரித்திரத்தை அவரே பார்க்கட்டும். நாகை - காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபர் 14ஆம் தேதி 'செரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கியது. பிரதமர் காணொலியில் கொடியசைத்தார். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது தொடங்கிய சேவை, அதே மாதத்துக்குள் நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 அன்று தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்ற கப்பலை விட்டது. நவம்பரில் மழைக்காலம் வந்ததும் அதுவும் நின்று, 2025 பிப்ரவரி 22 அன்றுதான் மறுபடி ஓடியது. அதற்கும் முன்னால், 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல் விட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரோடு அது முடிந்துபோனது.

விமானத்துக்கும் இடைவெளி உண்டு, மறைக்கவில்லை. பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 அக்டோபரில் திறக்கப்பட்டது, அடுத்த மாதம் சென்னையிலிருந்து விமானம் வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில்தான் மீண்டது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியது. ஆனால் விமானம் நிற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். கப்பல் நிற்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. முந்தைய நாள் மாலை "நாளை கப்பல் இல்லை" என்று செய்தி வந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. பணத்தைத் திருப்பித் தருவார்கள், அல்லது வேறு தேதிக்கு மாற்றித் தருவார்கள். அடுத்த கப்பலில் ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்கள் இருப்பார்கள். ஒரே ஒரு கப்பல், ஏறக்குறைய 150 இருக்கைகள், 2025இல் மீண்டும் தொடங்கியபோது அறிவித்த அட்டவணைப்படி செவ்வாய்க்கிழமை ஓட்டமே இல்லை. திங்களன்று ரத்தானால் புதனன்று இடம் கிடைக்குமா என்பது உங்கள் ஐந்து பேரின் அதிர்ஷ்டம்.

ஆவணி நல்ல மாதம்தானே என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையோடு ஒப்பிட்டால் நிச்சயம் நல்ல மாதம். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்று அப்போது தணியத் தொடங்கியிருக்கும், முழுவதும் ஓய்ந்திருக்காது. நாகையிலிருந்து காங்கேசன்துறை கிட்டத்தட்ட நேர் தெற்கே, சற்றுக் கிழக்கே சாய்ந்து இருக்கிறது. சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். போகும்போது சோளகம் கப்பலின் முன்பக்கத்தை வலப்புறத்திலிருந்து அடிக்கும். மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடும் ஆட்டம் அதனால்தான் வருகிறது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். இந்தப் பருவத்தில் திரும்புகிற பயணம் பொதுவாக உடம்புக்கு இதமாக இருக்கும். உங்கள் மாமியாருக்குக் கப்பல் பயணம் கிடைக்கட்டும், அது இதமான பாதியாக இருக்கட்டும் என்பதும் என் கணக்கில் உண்டு.

இப்போது பணம். 2025 பிப்ரவரியில் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியபோது ஒருவழிக் கட்டணம் ரூ.4,250 என்றும், போக வர ரூ.8,500 என்றும் அறிவித்தார்கள். ஐந்து பேருக்கும் முழுக் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் போக வர ரூ.42,500. பிள்ளைகளுக்குச் சலுகை உண்டா என்று முன்பதிவின்போது கேளுங்கள். இந்தக் கட்டணமும் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். 2023இல் வரியோடு சேர்த்து ஒருவழிக்கு ரூ.7,670 என்று தொடங்கியவர்கள்தான் இவ்வளவு இறங்கிவந்திருக்கிறார்கள். இந்தச் சேவையின் செலவில் ஒரு பங்கை இந்திய அரசு ஏற்றுக்கொண்டதும் கட்டணம் இறங்கியதற்கு ஒரு காரணம்.

விமானத்தைப் பொறுத்தவரை 'மலிவு விமானம்' என்ற பெயரை இந்த வழித்தடத்தில் அப்படியே நம்பவேண்டாம். பெரிய ஜெட் விமானத்தில் 180 பேருக்குமேல் ஏற்றித்தான் இந்த நிறுவனங்கள் விலையைக் குறைக்கின்றன. பலாலி ஓடுபாதையின் நீளம் குறைவு. அதனால் 78 இருக்கை கொண்ட ஏடிஆர் விமானம்தான் போகிறது. விமானி, எரிபொருள், தரையிறங்கும் கட்டணம் எல்லாவற்றையும் 78 பேர் தலையில் வகுத்தாக வேண்டும். அதற்குமேல் இரண்டு நாட்டு விமான நிலைய வரிகளும் டிக்கெட்டுக்குள்ளேயே இருக்கும். திருச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகிற விலையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் இரண்டு மாதம் முன்னதாக, வாரத்தின் நடுநாட்களில் தேடினால் கப்பல் டிக்கெட்டிலிருந்து அதிகம் விலகாத விலை அகப்படலாம். கடைசி வாரத்தில் தேடினால் அதே இருக்கை இரண்டு மடங்கு கேட்கும்.

நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசை கழிந்து தொடங்கி 25 நாள் நடக்கும். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் வந்து குவியும் காலம் அது. உங்கள் திருமணத் தேதி அதற்குள் விழுகிறதா, அதை ஒட்டி வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள். எப்படியானாலும் டிக்கெட் தாமதமாக எடுக்க இது ஏற்ற மாதம் இல்லை.

நேரத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாக நினைத்துப் பலர் விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். உங்கள் வாசலிலிருந்து பெரியம்மா வாசல்வரை கணக்கிட்டுப் பார்ப்போம். கப்பலுக்கு: கும்பகோணத்திலிருந்து திருவாரூர் வழியாக நாகைக்கு காரில் இரண்டு மணிநேரம், துறைமுகத்தில் சோதனைக்கும் குடியேற்றப் பிரிவுக்கும் இரண்டு மணிநேரம், கடலில் நான்கு மணிநேரம், இறங்கியபின் சுங்கத்தில் ஒரு மணிநேரம், காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு முக்கால் மணிநேரம். கிட்டத்தட்ட பத்து மணிநேரம். விமானத்துக்கு: திருச்சிக்கு இரண்டரை மணிநேரம், விமான நிலையத்தில் மூன்று மணிநேரம், பறப்பது ஏறக்குறைய ஒரு மணிநேரம், பலாலியில் முக்கால், அங்கிருந்து நகரத்துக்கு முக்கால். எட்டு மணிநேரம். மிச்சம் இரண்டு மணிநேரம்தான். கப்பல் காலையில் நாகையிலிருந்து புறப்படுவதால் வீட்டில் எல்லோரையும் நடுச்சாமத்தில் எழுப்பவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்தத் தொல்லை இல்லை. பிற்பகலில் காங்கேசன்துறையில் ஏறினால் பொழுது சாய நாகை, இரவுச் சாப்பாட்டுக்குக் கும்பகோணம்.

மாமியார் விஷயத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். அவர் மனத்தில் இருப்பது ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடிய 'ராமானுஜம்'. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, கட்டுச்சோறு பிரித்துக்கொண்டு போன பயணம் அது. 1914இல் தனுஷ்கோடியில் தொடங்கி, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் போரோடு நின்றுபோன, ரயிலும் கப்பலும் இணைந்த போட் மெயில் வழியின் கடைசிக் காலத்தில் அவர் போயிருக்கிறார். இப்போது ஓடுவது வேறு வகைக் கப்பல். சிறியது, வேகமானது. குளிரூட்டிய கூடத்துக்குள் வரிசை வரிசையாக இருக்கைகள், சொகுசு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருக்கும். தூரமும் பழைய வழியைவிட அதிகம். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னபிறகும் அவர் கப்பல்தான் என்பார், எனக்குத் தெரியும். அந்த ஆசைக்குக் கணக்கில் இடம் கொடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

அவருக்குக் கூடத்தின் நடுப்பகுதியில், முடிந்தால் சற்றுப் பின்னால் இருக்கை கேளுங்கள். கப்பல் ஆடும்போது முனைப்பகுதிதான் அதிகம் ஏறி இறங்கும், நடுவில் ஆட்டம் குறைவு. காலையில் வெறும் வயிறும் கூடாது, நெய்யும் எண்ணெயும் மிதக்கிற கல்யாண வீட்டுப் பலகாரமும் கூடாது. இரண்டு இட்லி போதும். செல்பேசியில் படம் பார்த்துக்கொண்டு வருகிற உங்கள் மூத்த பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும். தலையை நிமிர்த்திச் சன்னல் வழியாகத் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் எல்லோரும் கேட்டு வாங்கும் அவோமின் மாத்திரை குமட்டல் வந்தபிறகு போட்டால் பெரிதாகப் பயன்படாது, கிளம்புவதற்கு முன்பே போடவேண்டும். அது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவரைப் பார்க்கும் டாக்டரிடம் போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் அவருக்கு வேறு சங்கடம். ஏடிஆர் விமானத்துக்குக் கட்டடத்திலிருந்து நேராக நடந்துபோகும் பாலம் வராது. விமானம் நிற்கும் தளத்தில் இறங்கி, அதன் பின்கதவு வழியாக ஏறவேண்டும். படிகள் சிலதான். என்றாலும் மூட்டுவலிக்காரருக்கு அதுவும் ஏற்றம்தான். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். புறப்படும் இரண்டு நாள் முன்பு நிறுவனத்துக்கு ஒருமுறை போன் செய்து நினைவுபடுத்துங்கள். கட்டணம் கிடையாது. சக்கர நாற்காலி கேட்பது கௌரவக் குறைச்சல் என்று மாமியார் சொன்னால், வரிசையில் நிற்காமல் முதலில் அழைத்துப்போவார்கள் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வாடிக்கையாளர் வீடுகளில் அந்தக் காரணம்தான் எடுபடுகிறது.

சாமான் விஷயத்தில்தான் உங்கள் கணவர் கணக்கு தப்பும். கப்பல் என்றால் மூட்டை முடிச்சு எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. 2024இல் விதி அப்படித் தாராளமாகத்தான் இருந்தது. 2025 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்தபோது இலவச எடையையும் 10 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள், அதற்குமேல் பணம் கட்டவேண்டும். டிக்கெட்டில் இன்றைக்கு என்ன எடை அச்சாகியிருக்கிறது என்று பார்த்தபிறகே பெட்டி கட்டுங்கள். அறிவித்த 10 கிலோ அப்படியே இருந்தால், சீர்வரிசைச் சாமானுக்கு விமானத்தின் சரக்குப் பெட்டி எடைதான் உங்களுக்கு அதிகம் கைகொடுக்கும். போகும்போது சாமான் நிறைய, வரும்போது குறைவு என்பதால் என் யோசனைக்கு இதுவும் ஒத்துப்போகிறது. எடை போதாவிட்டால் கூடுதல் எடையை இணையத்தில் முன்னதாகவே வாங்குங்கள். கவுண்டரில் வாங்கினால் கூடுதலாகக் கேட்பார்கள்.

கையில் 7 கிலோ வரை கொண்டுபோகலாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏடிஆரில் தலைக்குமேல் இருக்கும் பெட்டகம் சிறியது. மற்ற விமானங்களில் நுழையும் சக்கரப்பெட்டி இதில் நுழையாது. விமானத்தின் வாசலில் வாங்கி, சீட்டுக் கட்டி, கீழே சரக்கில் போட்டுவிடுவார்கள். நகையை அந்தப் பெட்டியில் வைத்திருந்தால் அந்த வாசலில் நின்று, பின்னால் வரிசை முட்ட, பூட்டைத் திறந்து நகை டப்பாக்களை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நகை தோளில் மாட்டும் சின்னப் பையில்தான் இருக்கவேண்டும்.

நகைக்குக் காகிதமும் வேண்டும். போட்டுக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டே திரும்புகிற நகை என்றாலும், அளவு அதிகமானால் புறப்படும்போதே திருச்சி விமான நிலையச் சுங்கப் பிரிவில் காட்டி, ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது "இது இலங்கையில் வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். எடை, கல், வடிவம் எழுதிய மதிப்பீட்டாளர் சீட்டும் புகைப்படமும் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். நீங்கள் திரும்புவது வேறு ஊர், வேறு துறைமுகம் என்பதால் அந்தச் சான்றைப் பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். மணமகளுக்குக் கொடுத்துவிட்டு வரப்போகும் நகையை அந்தச் சான்றில் சேர்க்காதீர்கள், அது திரும்பாது. அதை இலங்கைச் சுங்கத்தில் அறிவிக்கவேண்டும். இந்திய ரூபாய் ஒருவர் கையில் ரூ.25,000க்குமேல் கொண்டுபோகக்கூடாது. மொய்ப் பணத்தை அந்த ஊர் ரூபாயாக அங்கே மாற்றிக்கொள்வதுதான் சரி.

வெற்றிலைக்கு வருகிறேன். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது, உங்கள் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனால் இலை, செடி, விதை, பூ எல்லாம் தாவர நோய்த்தடுப்பு விதிகளுக்குள் வருகிறவை. முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் அங்கே பறிமுதல் செய்யலாம். மல்லிகைச் சரமும் அப்படியே. தாம்பூலத்துக்கு யாழ்ப்பாணச் சந்தையில் நல்ல வெற்றிலை கிடைக்கும். உங்கள் ஊர் பெயர் சீரில் இருந்தே ஆகவேண்டும் என்றால் குத்துவிளக்கும் பட்டும் போதாதா? குத்துவிளக்கு பித்தளை, எடையை நினைவில் வையுங்கள்.

பெரியம்மாவை அழைத்துவருவதில்தான் அவசரம் கூடாது. உங்களுக்கு இலங்கை போக மின்னணு நுழைவு அனுமதி போதும். அதை அரசுத் தளத்திலேயே எடுங்கள். அதன் முகவரி 'கவ் டாட் எல்கே' என்று முடியும். அச்சு அசலாக அதேபோல் தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நின்று, கூடுதல் பணம் கேட்கும். ஆனால் பெரியம்மா இலங்கைக் குடிமகள், அவருக்கு இந்திய விசா வேண்டும். இந்தியாவின் மின்னணு விசா எல்லாத் துறைமுகங்களிலும் செல்லாது. எந்தெந்த விமான நிலையம், எந்தெந்தக் கடல் துறைமுகம் வழியாக நுழையலாம் என்று அரசு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் நாகப்பட்டினம் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்தில் பார்க்கவேண்டும். இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக வழக்கமான விசா எடுக்கவேண்டும், அல்லது அவர் மட்டும் உங்கள் கணவரோடு திருச்சிக்கு விமானத்தில் வரவேண்டும். இதைப் பார்க்காமல் ஆறு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டு, காங்கேசன்துறை கவுண்டரில் அந்தப் பெரியவரை மட்டும் நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்? அவருடைய விசா கைக்கு வரும்வரை அவருக்கு டிக்கெட் வேண்டாம்.

எல்லோருடைய பாஸ்போர்ட்டிலும் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது காலம் மிச்சம் இருக்கவேண்டும். பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதை மறப்பதுதான் வழக்கம். அவர்களுக்கு ஐந்து ஆண்டுதான் தருகிறார்கள், உங்கள் இளையவனுடையது முடியும் தறுவாயில் இருக்கலாம். இன்னொன்று: ஒருவழி விமான டிக்கெட்டோடு திருச்சி கவுண்டரில் நின்றால் "திரும்பும் டிக்கெட் எங்கே?" என்று கேட்பார்கள். கப்பல் டிக்கெட்டை அச்செடுத்து வைத்திருங்கள்.

திரும்பும் நாளில் கப்பல் ரத்தானால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். முதலில் அடுத்த கப்பல். அது நிறைந்துவிட்டால் பலாலியிலிருந்து விமானம். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் இடம் கிடைக்காவிட்டால் மாமியாரையும் ஒரு பிள்ளையையும் உங்களோடு முதலில் அனுப்பிவிட்டு உங்கள் கணவர் மறுநாள் வரலாம். அதுவும் முடியாதபோதுதான் கொழும்பு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர், ரயிலில் ஆறேழு மணிநேரமாவது ஆகும், இரவு பஸ்களும் உண்டு. கொழும்பிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் விமானம் இருப்பதால் எப்படியும் ஊர் வந்து சேரலாம். இந்தக் கடைசி வழிக்கு ஆகும் பணத்தை ஒதுக்கி வைக்க முடியாத நிலை என்றால், திரும்பும்போதும் விமானமே எடுத்துவிடுங்கள் என்பேன். மாமியாரிடம் பழியை என்மேல் போடலாம்.

ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் பற்றிய பேச்சு நெடுநாளாக அடிபடுகிறது. வந்தால் நல்லது, தூரம் குறைவு. ஆனால் டிக்கெட் விற்பனைக்கு வராத கப்பலை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி வைத்துக்கொள்ள முடியாது. அப்படியே வந்தாலும் தலைமன்னாரில் இறங்கி யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே மறுபடி சில மணிநேரம் போகவேண்டும். உங்கள் ஊருக்கு நாகைதான் பக்கம்.

வரிசை இப்படி இருக்கட்டும்: இந்த வாரம் பாஸ்போர்ட்டுகளைச் சரிபாருங்கள், பெரியம்மாவை விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அடுத்து திருச்சி விமானத்தில் ஐந்து இருக்கை, முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு. அதன்பிறகு கப்பல், திருமணம் முடிந்து குறைந்தது மூன்றாம் நாள். செவ்வாய் ஓட்டம் இல்லாத அந்த அட்டவணை மாறாதிருந்தால் திங்கட்கிழமையைத் தவிருங்கள். அன்று ரத்தானால் மறுநாள் கப்பல் கிடையாது.